ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர்: காவல்துறை மீதான புகாரை விசாரிப்பது யார்?

வானகரத்தில் ஒருவரை விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் அடித்து அனுப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடந்த சம்பவம் எதையும் சொல்லவில்லை. புகார் போகும் வழியைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கற்பனை. பெங்களூரு நெடுஞ்சாலையும் சென்னைப் புறவழிச்சாலையும் குறுக்கிடும் இந்த ஊரில் அப்படி மாட்டிக்கொள்ளக்கூடியவர் யார் என்று ஊகிப்பது கடினமல்ல. விடிவதற்கு முன் மீன் சந்தையில் பெட்டி இறக்குபவராக இருக்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் தள்ளுவண்டி போட்டிருப்பவராக இருக்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்துவிட்டு இரவில் அறைக்குத் திரும்பும் வடமாநில இளைஞராக இருக்கலாம். மறுநாள் காலையில் அவர் எங்கே போய்ப் புகார் கொடுப்பார்?

அதே ஸ்டேஷனில் கொடுத்தால், அதிகம் போனால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். உதவி ஆணையரிடம் போகலாம். ஆவடியில் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ‘முதல்வரின் முகவரி’யில் பதிவு செய்யலாம். மனு எழுதிப் பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஒன்று இருக்கிறது: மேலே எங்கே கொடுத்தாலும் அது ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற குறிப்போடு கீழே இறங்கி, பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: “மனு கொடுத்திருந்தீங்களாமே, வந்து ஸ்டேட்மென்ட் கொடுத்துட்டுப் போங்க.” அடிபட்டவர் மறுபடி அந்தப் படியை ஏறுவாரா?

இந்தச் சுழலை உடைக்கத்தான் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. பிரகாஷ் சிங் வெளியிலிருந்து வந்த விமர்சகர் அல்லர். உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் காவல்துறைத் தலைவராக இருந்தவர். எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் தலைமை வகித்தவர். ஓய்வுபெற்ற பின் 1996இல் அவர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வரப் பத்தாண்டுகள் ஆயின. ஆறாவது கட்டளைதான் இங்கே நமக்கு முக்கியம். மாநிலத்துக்கு ஒன்றும் மாவட்டந்தோறும் ஒன்றுமாகக் காவல்துறைப் புகார் ஆணையம் அமைக்க வேண்டும். டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள் மீதான புகார்கள் மாவட்ட ஆணையத்துக்கும், எஸ்.பி.யும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மீதானவை மாநில ஆணையத்துக்கும் போகும். மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி முன்மொழியும் பட்டியலிலிருந்து அவர் தேர்ந்தெடுக்கப்படுவார். காவலில் மரணம், படுகாயம், பாலியல் வன்முறை ஆகியவற்றோடு, மாவட்ட அளவில் பணம் பறித்தல், நிலம், வீடு அபகரிப்பு, கடுமையான அதிகார துஷ்பிரயோகம் ஆகியவற்றையும் அது விசாரிக்கும். களத்தில் இறங்கி விசாரிக்கத் தனி ஆட்களை வைத்துக்கொள்ளலாம். அது பரிந்துரைக்கும் நடவடிக்கை, துறைவாரியானாலும் குற்றவியல் வழக்கானாலும், அரசைக் கட்டுப்படுத்தும்.

தமிழ்நாடு இதை எப்படி நிறைவேற்றியது? 2013இல் இயற்றிய தமிழ்நாடு காவல்துறை (சீர்திருத்தங்கள்) சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யையும் சட்டம் ஒழுங்குப் பிரிவின் ஏ.டி.ஜி.பி.யையும் உறுப்பினர்களாக்கியது. மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். மூவரில் இருவர், புகாருக்கு ஆளானவரின் நேரடி மேலதிகாரிகள். உச்ச நீதிமன்றம் சொன்ன அதே பெயர்ப் பலகை, அதே மாநில, மாவட்ட அடுக்கு. உள்ளே மட்டும் நீதிபதி இல்லை. இந்த அமைப்பை எதிர்த்து ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஏ.ஜி. மௌரியா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். காவல்துறையை உள்ளிருந்து அறிந்தவர்களே இந்தக் கேள்வியை மீண்டும் மீண்டும் எழுப்புகிறார்கள் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. மேலதிகாரி தன் கீழுள்ளவரைக் காப்பாற்றும் கட்டாயம் எவ்வளவு வலுவானது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அரசின் தரப்பில் ஒரு நியாயத்தைச் சொல்ல முடியும். ஆட்சியர் காவல்துறைக்காரர் அல்லர், அவரும் வெளியாள்தானே என்பது அது. ஆனால் மாவட்டத்தில் தேர்தல், போராட்டம், திருவிழா, ஆக்கிரமிப்பு அகற்றம் எது நடந்தாலும் ஆட்சியருக்கு எஸ்.பி.யின் ஒத்துழைப்பு தேவை. நாளைக் காலையில் பாதுகாப்புக் கேட்டு நிற்க வேண்டிய ஒருவரிடம் இன்று மாலை தீர்ப்புச் சொல்லச் சொல்கிறோம். ஆட்சியர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த முடிச்சு அவிழாது.

வானகரத்தில் இதோடு எல்லைச் சிக்கலும் சேர்கிறது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம், ஆவடி என இரண்டு புதிய காவல் ஆணையரகங்கள் உருவாயின. ஆவடி ஆணையரகத்தில் ஆவடி, செங்குன்றம் என இரண்டு காவல் மாவட்டங்கள். வருவாய் மாவட்டத்தின் கோடு வேறு. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூர், 2018இல் வருவாய்த்துறைக் கணக்கிலும் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. காவல் நிலையமோ ஆவடி ஆணையரின் கீழ் இருக்கிறது. வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த வானகரத்துக்கு ஆட்சியர் அலுவலகம் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளித் திருவள்ளூரில். ஒரே ஆணையருக்குக் கீழுள்ள நிலையங்கள், புகார் என்று வந்தால் இரண்டு ஆட்சியர்களைப் பார்க்க வேண்டியிருக்கின்றன. ஆணையரகப் பகுதியில் சட்டம் ஒழுங்கில் ஆட்சியரின் பிடி ஏற்கெனவே தளர்ந்தது, மாவட்ட எஸ்.பி.யிடம் இருக்கும் உறவு, டி.ஜி.பி.க்குப் பதில் சொல்லும் மூத்த ஐ.பி.எஸ். அதிகாரியான ஆணையரிடம் அவருக்குக் கிடையாது.

உள்ளூர் மன்றங்களுக்கோ இதில் இடமே இல்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சிகளுக்கான 29 பொருள்களைச் சொல்லும் பதினோராம் அட்டவணையிலும், நகராட்சிகளுக்கான 18 பொருள்களைச் சொல்லும் பன்னிரண்டாம் அட்டவணையிலும் காவல் என்ற சொல்லே கிடையாது. வானகரம் கிராம சபை தெருவிளக்கைப் பற்றிப் பேசலாம், குடிநீரைப் பற்றிப் பேசலாம். 2022 ஜூன், ஜூலை மாதங்களில் அ.தி.மு.க. பொதுக்குழு வானகரத்து மண்டபம் ஒன்றில் கூடியபோது, அனுமதி கொடுக்கக் கூடாது என்ற மனுவும் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையும் ஆவடி ஆணையரகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும்தான் போயின. பெரிய கட்சிகளுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் நீதிமன்றக் கதவு திறக்கிறது. மீன் பெட்டி இறக்குபவருக்கு அந்தக் கதவு எவ்வளவு தூரம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

இந்தச் சிக்கலுக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சென்னை மாகாணத்தின் வரி வசூல் கொடுமைகள் பேசப்பட்டதைத் தொடர்ந்து, சித்திரவதைக் குற்றச்சாட்டுகளை விசாரிக்க மூவர் ஆணையம் ஒன்று அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ் என்ற இரு அதிகாரிகளும் வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டனும் அதில் இருந்தார்கள். புகார் இருந்தால் வரலாம், எழுதலாம் என்று அறிவித்ததும், சில மாதங்களுக்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் புகார்கள் குவிந்தன. மாகாணத்தின் மூலைகளிலிருந்து ஆட்கள் நேரிலேயே வந்தார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, தலையைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்துவது, இமைகளில் மிளகாய்ப் பொடி தடவுவது என்று 1855இல் வெளியான அறிக்கை பக்கம் பக்கமாக விவரித்தது. அதன் முக்கியக் கண்டுபிடிப்பு கருவிகளைப் பற்றியதன்று. தாசில்தாரிடமே வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் சேர்ந்து இருந்தன. அடித்தவரின் அலுவலகத்துக்கே புகார் போக வேண்டியிருந்தது. இரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று, 1859இன் சென்னை போலீஸ் சட்டம் வந்தது. வருவாய்த்துறையிலிருந்து பிரிந்த தனிக் காவல்துறை அப்படித்தான் பிறந்தது. இன்றைய தமிழகக் காவல்துறையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு சித்திரவதை விசாரணை அறிக்கை இருக்கிறது என்பதைக் காவலர் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிரித்ததை மறுபடி ஒட்டும் ஆசை மட்டும் அரசுகளுக்குப் போகவில்லை. 2013, 2014இல் வந்த அரசாணைகள், நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கும் நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கே கொடுத்தன. பிடிப்பது, பிணை எழுதி வாங்குவது, பிணையை மீறினார் என்று சொல்லிச் சிறைக்கு அனுப்புவது மூன்றும் ஒரே சீருடைக்குள் வந்தன. 2023 மார்ச்சில் நீதிபதிகள் என். சதீஷ்குமார், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு அந்த அரசாணைகளை ரத்து செய்தது. அதிகாரப் பிரிவினைக்கு அவை முரணானவை என்பது காரணம்.

அப்படியானால் எது வேலை செய்திருக்கிறது? அண்மைய மூன்று நிகழ்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் செல்பேசிக் கடை நடத்திய மகனும் தந்தையும் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவும் 23ஆம் தேதி காலையும் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். சாதாரணக் கண்காணிப்புகள் எல்லாம் அங்கே தோற்றிருந்தன. மருத்துவச் சான்று இருந்தது. ரிமாண்ட் உத்தரவு இருந்தது. யாரும் அவர்கள் உடலைச் சரியாகப் பார்க்கவில்லை. மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு தானாக வழக்கை எடுத்து, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனை நேரில் அனுப்பியது. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரையே ஸ்டேஷனுக்குள் காவலர்கள் மிரட்டும் தொனியில் பேசினார்கள். கேட்ட ஆவணங்களைக் கொடுக்கவில்லை. வன்தட்டில் போதிய இடம் இருந்தும், கேமரா பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவர் கண்டறிந்தார். அன்றிரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, அச்சத்தோடே என்றாலும், பார்த்ததைச் சொன்னார். அதன்பின் நீதிமன்றம் இதற்கு முன் நாம் கேள்விப்படாத ஒன்றைச் செய்தது: தடயங்களைக் காக்க, காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. தாசில்தார்கள் ஸ்டேஷனுக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்கு வந்தவர்களின் பற்களைப் பிடுங்கியதாக இளம் ஐ.பி.எஸ். அதிகாரி மீது புகார் எழுந்தது. சேரன்மகாதேவி சார் ஆட்சியர் விசாரணையைத் தொடங்கினார். பிறகு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி பெ. அமுதா உயர்மட்ட விசாரணை நடத்தினார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2025 ஜூன் 28 அன்று திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி, நகைத் திருட்டுப் புகாரில் தனிப்படையினர் விசாரித்தபோது இறந்தார். எவரோ மறைவிலிருந்து எடுத்த காணொளி வெளியே வந்தது. மதுரைக் கிளை மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கச் சொன்னது. அரசு வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

மூன்றிலும் உண்மை வெளியே வரக் காரணம், காவல்துறையின் சங்கிலிக்கு வெளியே இருந்த ஒருவர் சில நாட்களுக்குள் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றது. ஒரு நடுவர், ஒரு சார் ஆட்சியர், ஒரு மாவட்ட நீதிபதி. இந்த மூன்றில் எதிலும் மாவட்டப் புகார் ஆணையத்தின் பெயர் முன்னால் வரவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சாத்தான்குளத்திலும் மடப்புரத்திலும் உயிர் போன பின்புதான் இந்த வேகம் வந்தது. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்று 2005இன் திருத்தம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(1ஏ) பிரிவாக வந்தது; இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு. இறக்காமல் கை உடைந்து வீடு திரும்புபவருக்கு அந்த வேகத்தில் எதுவும் கிடையாது. கைதானவர்கள் மாவுக்கட்டோடு நிற்கும் படங்களும், ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’ என்ற வரியும் செய்தியில் அன்றாடமாகிவிட்டன. காவல் நிலையக் கழிவறைகளில் கைதானவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. சமூக ஊடகத்தில் அந்தப் படங்களுக்குக் கைதட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பதும் இந்த நோயின் பகுதி. இன்று ரவுடியின் கை என்று கைதட்டினால், நாளை யாருடைய கை என்று தீர்மானிக்கும் உரிமை நம்மிடம் இருக்காது.

மாநில மனித உரிமை ஆணையம் இல்லையா? இருக்கிறது. 1993 சட்டத்தின்படி 1997இல் அமைந்தது. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது பெரிய முன்னேற்றம். ஆனால் மாநிலம் முழுமைக்கும் ஓர் ஆணையம், ஓராண்டுக்கு மேற்பட்ட நிகழ்வை எடுக்க முடியாது, விசாரணை இழுக்கும். வானகரத்துக்காரர் சென்னைக்குள் போய்விடலாம். கூடலூர்க்காரர் என்ன செய்வார்?

வெளிநாட்டு அமைப்புகளில் வட அயர்லாந்துதான் எனக்கு அதிகம் பயன்படும் பாடமாகப் படுகிறது. ஏனென்றால் அங்கே காவல்துறையை மக்களில் ஒரு பகுதியினர் எதிரிப் படையாகவே பார்த்தார்கள். அங்கே இரண்டு வேலைகளைப் பிரித்து வைத்தார்கள். தனிப்பட்ட புகாரை 2000இல் தொடங்கிய போலீஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் தன் சொந்தப் புலனாய்வாளர்களை வைத்து விசாரிக்கிறது. ‘எங்கள் பகுதியில் காவல் எப்படி நடக்கிறது’ என்ற பொதுக் கேள்வியை உள்ளூராட்சி உறுப்பினர்களும் கட்சி சாராதவர்களும் சேர்ந்த வட்டாரக் குழுக்கள் கேட்கின்றன. உள்ளூர்க் காவல் அதிகாரி வந்து பதில் சொல்கிறார். நம் மாநிலத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டையுமே ஆட்சியரின் மேசையில் போட்டுவிட்டோம். இலங்கை 2001இன் பதினேழாவது திருத்தத்தில், பொதுமக்களின் புகாரை விசாரிக்கும் பொறுப்பைத் தேசிய போலீஸ் ஆணைக்குழுவுக்கு அரசியல் யாப்பிலேயே எழுதிக் கொடுத்தது. அடுத்தடுத்த திருத்தங்கள் அதன் பல்லைப் பிடுங்கியும் திரும்பப் பொருத்தியும் வந்தன. எழுத்தில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு அந்த ஆணைக்குழுவின் இருபதாண்டு வரலாறே சான்று.

காவலர்கள் பக்கமும் பேச வேண்டும். ‘ரெண்டு நாள்ல கேஸை முடி’ என்ற அழுத்தம் மேலிருந்து வருகிறது. சம்பவம் பெரிதானால் ஆயுதப்படைக்கு மாற்றப்படுபவர் கீழ்நிலைக் காவலர். அழுத்தம் கொடுத்தவர் எந்தப் பதிவிலும் இல்லை. அந்த மாற்றத்தைத் தண்டனை என்று செய்தி போடுகிறார்கள். சில மாதங்களில் அவர் வேறொரு நிலையத்தில் இருப்பார். பொய்ப் புகாருக்கு ஆளாகும் நல்ல காவலருக்கும் தன்னை நிரூபிக்க நம்பகமான இடம் இன்று இல்லை. மேலதிகாரி காப்பாற்றினால் மக்கள் நம்புவதில்லை. ரேவதியைப் போல் உண்மை சொல்ல நினைக்கும் காவலர் அதே எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் ஆணையத்தின் முன் எப்படிப் பேசுவார்? சுதந்திரமான ஆணையம் காவல்துறைக்கு எதிரானது என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது.

சட்டத்தைத் திருத்தி, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியைத் தலைவராக்கி, ஆணையரக எல்லையையே ஆணையத்தின் எல்லையாக்கி, ஆவடியிலேயே அலுவலகமும் புலனாய்வாளர்களும் கொடுப்பதே சரியான தீர்வு. அதற்குச் சட்டமன்றம் மனம் வைக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத ஒரு கருவி கையில் இருக்கிறது. அதைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை.

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை என எல்லா இடத்திலும், கழிவறைக்கு வெளியிலும்கூட, ஒலியும் சேர்ந்து பதிவாகும் கேமராக்கள் இருக்க வேண்டும் என்றது. பதிவு பதினெட்டு மாதம் இருக்க வேண்டும். முடியாவிட்டால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா இருக்கிறது என்பதையும், புகார் செய்யும் உரிமையையும் உள்ளூர் மொழியில் வாசலிலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டும். காயம் பட்டவர் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டால், ஆணையம் உடனே பதிவை வரவழைத்துப் பாதுகாக்கலாம். இவற்றைக் கண்காணிக்க மாவட்டக் குழு ஒன்று உண்டு. அதில் ஆட்சியரும் எஸ்.பி.யும் இருந்தாலும், மாவட்டத்தில் உள்ள மாநகராட்சியின் மேயருக்கோ, ஊரகப் பகுதியில் மாவட்ட ஊராட்சித் தலைவருக்கோ ஓர் இடம் இருக்கிறது. யாரும் புகார் கொடுக்காவிட்டாலும், பதிவுகளைப் பார்த்து உரிமை மீறல் நடந்திருக்கிறதா என்று தேடுவது அக்குழுவின் கடமை; மாதந்தோறும் மாநிலக் குழுவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அரசியல் சட்ட அட்டவணைகள் உள்ளூராட்சிக்குக் கொடுக்காத ஒரு நாற்காலியை இந்தத் தீர்ப்பு கொடுத்திருக்கிறது. மக்களிடம் வாக்குக் கேட்டு வந்த ஒருவர், ஸ்டேஷனுக்குள் என்ன நடந்தது என்று பார்க்கக் கேட்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் மாநகராட்சி ஆவடிதான். குழு கடைசியாக எப்போது கூடியது, எந்த நிலையங்களின் பதிவைப் பார்த்தது, எத்தனை கேமராக்கள் ஓடவில்லை, எத்தனை நாள் பதிவு மிஞ்சியிருக்கிறது என்ற நான்கு கேள்விகளை ஆவடி மாமன்றத்தில் எந்த உறுப்பினரும் எழுப்பலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி ஆட்சியருக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் அனுப்ப யாருடைய அனுமதியும் வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தனி ஆளாகவும் கேட்கலாம். பதில் வந்தால் அதை ஸ்டேஷன் வாசலில் இருக்க வேண்டிய பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘அப்படி ஒரு குழு கூடியதாகப் பதிவு இல்லை’ என்று வந்தால், அந்தத் தாளே உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யத் தகுந்த ஆவணம்.